பொன் கேளாப் புரவி: ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கணினி விளையாட்டில் இலகு குதிரைப்படையும் தமிழகப் பரி வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

வரலாற்றுப் போர் உத்தி விளையாட்டுகளில் ‘இலகு குதிரைப்படை’ என்பது விலை மலிந்த, விரைவு மிகுந்த, எளிதில் ஈடுசெய்யத்தக்க படை அலகாக அமைக்கப்படுகிறது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் 2022ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட ‘திராவிடர்’ பிரிவிலும் இவ்வலகு இடம்பெறுகிறது. தமிழகத்தில் குதிரை நெடுங்காலம் பொன் கொடுத்துக் கடல்வழி பெறப்பட்ட பொருளாக இருந்தது என்பதையும், இலகு குதிரைப்படை 18ஆம் நூற்றாண்டில் சென்னையின் தென்புறத்தில் ஆற்றிய பங்கையும் அளவுகோலாகக் கொண்டு இவ்வலகின் வரலாற்றுத் தன்மையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. குதிரைக் குறைவு என்பதை வணிக நிலையாகக் காட்டாமல் மக்களின் இயல்பாகக் காட்டுவதே இவ்விளையாட்டின் அடிப்படைக் குறை என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: இலகு குதிரைப்படை, கணினி விளையாட்டு, குதிரை வணிகம், குதிரைமறம், ஹைதர் அலி, பரங்கிமலை.

முன்னுரை

கணினி விளையாட்டுகள் வரலாற்றுக் கல்வியின் ஒரு வாயிலாக மாறியுள்ளன. பாடநூலில் சோழர் படையெடுப்பைப் படிக்கும் மாணவர் பலர், அதே படையெடுப்பைத் திரையில் நடத்திப் பார்க்கும் வாய்ப்பையும் பெற்றுள்ளனர். எனவே, ஒரு விளையாட்டு படைகளை எவ்வாறு வகைப்படுத்துகிறது, எதற்கு என்ன விலை வைக்கிறது, யாருக்கு எதை மறுக்கிறது என்பன ஆய்வுக்குரிய வினாக்களாகின்றன. விளையாட்டின் காட்சிகளிலும் கதையுரையிலும் உள்ள பிழைகளைச் சுட்டுவது எளிது. அதன் விதிகளில் மறைந்திருக்கும் வரலாற்றுக் கருத்தை இனங்காண்பதே திறனாய்வின் பணி. அப்பணியை இக்கட்டுரை ஒரேயொரு படை அலகை மட்டும் எடுத்துக்கொண்டு செய்ய முயல்கிறது.

விளையாட்டில் இலகு குதிரைப்படையின் இடம்

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ முதன்முதலில் 1999இல் வெளிவந்தது. உணவு, மரம், பொன், கல் என்னும் நான்கு வளங்களைத் திரட்டி, கட்டடங்கள் எழுப்பி, படை திரட்டிப் பகைவரை வெல்வது இதன் அமைப்பு. ஆட்டம் தொடங்கும்போதே ஆடுபவருக்கு ஒற்றறியும் குதிரை வீரர் ஒருவர் விலையின்றி வழங்கப்படுகிறார். இருள் மூடிய நிலப்பரப்பை அவரே சுற்றி வந்து வெளிப்படுத்துகிறார். மூன்றாம் காலகட்டத்தில் இவ்வகை வீரர் ‘இலகு குதிரைப்படை’ என்னும் நிலைக்கு உயர்த்தப்படுகிறார். இவருக்கு ஆகும் செலவு 80 அலகு உணவு மட்டுமே, பொன் தேவையில்லை. கவசம் பூண்ட ‘நைட்’ வீரருக்கோ 60 அலகு உணவும் 75 அலகு பொன்னும் தேவை.

இவ்வேறுபாடு ஆட்டத்தின் போக்கையே வரையறுக்கிறது. வரைபடத்தில் தோண்டி எடுக்கத்தக்க பொன் எல்லையுடையது. உணவு வயலில் மீண்டும் மீண்டும் விளைவது. பொன் தீர்ந்த பின்னர் நடக்கும் நீண்ட போரில், பொன் கேளாத படைகளே களத்தை நிரப்புகின்றன. அவற்றுள் ஒன்று இலகு குதிரைப்படை. அதன் பயன்கள் மூன்று: ஒற்றறிதல், பகைவரின் உழவரையும் விறகு வெட்டுவோரையும் திடீரெனத் தாக்குதல், பகை வீரரை மதம் மாற்றும் துறவியரை வேட்டையாடுதல். அது இறப்பது இழப்பாகக் கருதப்படுவதில்லை. லாயம் அடுத்த குதிரையை உடனே தருகிறது.

2022 ஏப்ரலில் வெளிவந்த ‘டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ என்னும் விரிவாக்கம் வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்னும் மூன்று பிரிவுகளைச் சேர்த்தது. முன்பு ‘இந்தியர்’ என்றிருந்த பிரிவு ‘இந்துஸ்தானியர்’ என மாற்றப்பட்டது. திராவிடர் பிரிவுக்குரிய தொடர் ஆட்டம் முதலாம் இராசேந்திர சோழனைத் தலைவனாகக் கொண்டது. அப்பிரிவின் வீரர்கள் பேசும் மொழி தமிழ். காலாட்படையும் கப்பற்படையும் அதன் வலிமைகள். யானைப்படையும் உண்டு. குதிரையைப் பொறுத்தவரை, நைட் வீரரும் ஒட்டகப்படையும் இலகு குதிரைப்படையின் உயர்நிலையாகிய ‘ஹுசார்’ என்பதும் அப்பிரிவுக்கு மறுக்கப்பட்டுள்ளன. இலகு குதிரைப்படையே அதன் குதிரைப்படையின் எல்லை. இம்மறுப்பு கவனமற்ற செயலெனக் கொள்வதற்கில்லை. தென்னாட்டில் நல்ல குதிரை அரிது என்னும் செய்தியை அறிந்தவர்களே இதனை அமைத்துள்ளனர். வெளிவந்தபோது வழங்கப்பட்ட ‘வூட்ஸ் ஸ்டீல்’ என்னும் உருக்குத் தொழில்நுட்பம், காலாட்படையும் குதிரைப்படையும் பகைவரின் கவசத்தைப் பொருட்படுத்தாது தாக்கச் செய்தது. பரியின் குறையை உருக்கின் சிறப்பு ஈடுசெய்கிறது. கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகுத் தொழிலின் சான்றுகள் கிடைத்திருப்பதை அறிந்தோர் இவ்வமைப்பை வரவேற்கவே செய்வர். எனினும், குறையை எவ்வாறு குறித்துள்ளனர் என்பதில்தான் சிக்கல் எழுகிறது.

கடல்வழி வந்த பரி

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளையும் அவற்றுள் ஒன்றாகக் குறிக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளைக் குறிப்பிடுகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் குதிரைச்சேவகர் என்னும் படையினர் இடம்பெறுகின்றனர். குதிரைப்படை இருந்தது என்பதற்கும், குதிரை விற்பனைக்குரிய பொருளாக வந்தது என்பதற்கும் இவை சான்றுகள்.

பிற்காலப் பாண்டியர் காலத்தில் இவ்வணிகத்தின் அளவை அயலார் குறிப்புகள் காட்டுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசன் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிருடன் எஞ்சுவதில்லை எனவும் எழுதினார். பேணத் தெரிந்தோர் இல்லாமையே காரணம் என்றும், அத்தகையோர் இங்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் கூறினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மாபார் நாட்டுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாகவும், ஒவ்வொன்றின் விலையும் 220 பொன் தினார் எனவும் குறித்தார். இவ்வெண்கள் வணிகர் வாய்மொழியில் பெருகியவையாக இருக்கலாம். ஆயினும், இருவர் குறிப்பும் ஒத்துக் காட்டும் நிலை தெளிவானது: குதிரை பொன்னுக்கு வந்தது, விரைவில் இறந்தது, மீண்டும் பொன்னுக்கு வந்தது.

மாணிக்கவாசகர் வரலாற்றையும் இப்பின்னணியில் படிக்கலாம். அரசனின் கருவூலப் பொருளைக் கொண்டு குதிரை வாங்கத் துறைமுகம் நோக்கிச் செல்லும் அமைச்சர் அப்பொருளைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டு வருகிறான். இரவில் அவை மீண்டும் நரிகளாகின்றன. பக்தி மரபில் இது இறைவனின் திருவிளையாடல். பொருளியல் நோக்கில், கருவூலத்தையே கரைக்கும் கொள்முதலும், வாங்கிய பரி ஓரிரவில் இல்லாமற்போகும் அச்சமும் இக்கதைக்கு அடித்தளமாக உள்ளன. போலோ குறிப்பிடும் இறப்புக் கணக்கும் இக்கதை காட்டும் இழப்பும் ஒரே அனுபவத்தின் இரு வடிவங்கள் எனலாம்.

இச்சான்றுகளை விளையாட்டின் விதிகளோடு ஒப்பிட்டால் ஒரு தலைகீழ் நிலை புலப்படுகிறது. விளையாட்டில் துறைமுகத்திலிருந்து செல்லும் வணிகக் கப்பல் பொன்னைக் கொண்டு வருகிறது. தமிழகக் குதிரை வணிகத்திலோ பொன் வெளியே சென்றது, குதிரை உள்ளே வந்தது. விளையாட்டின் சந்தையில் உணவையும் மரத்தையும் கல்லையும் பொன்னுக்கு மாற்றலாம். குதிரையை வாங்க வழியில்லை. குதிரை லாயத்தில் தோன்றுகிறது. அதற்கு முந்தைய வரலாறு அதற்கு இல்லை.

குதிரையின்மையைக் குறிக்க வேறு முறைகளும் இவ்விளையாட்டில் உள்ளன. 2000இல் வந்த ‘தி கான்கரர்ஸ்’ விரிவாக்கத்தில் ஆஸ்டெக், மாயர் ஆகிய பிரிவுகளுக்கு லாயமே இல்லை. தொடக்க ஒற்றரும் காலாளாகவே அமைக்கப்பட்டார். ஐரோப்பியர் வருகைக்கு முன் அமெரிக்கக் கண்டத்தில் குதிரைப்படை இல்லாதிருந்ததை இது சரியாகக் காட்டுகிறது. தென்னிந்தியாவின் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இங்குக் குதிரை இருந்தது; ஆனால், பொருளும் கடலும் வணிகரும் இசைந்தபோது மட்டுமே இருந்தது. இந்த மூன்றாம் நிலைக்குரிய விதி விளையாட்டில் இல்லை. ஆகவே, விலையுயர்ந்ததாக அமைய வேண்டியது ‘இல்லாதது’ என்றும், எஞ்சியது ‘மலிவானது’ என்றும் இரு கூறாகப் பிரிந்துவிட்டது.

தீனியும் மறமும்

இலகு குதிரைக்கு உணவு மட்டுமே விலை என்னும் விதி தமிழ் மரபுக்கு முற்றிலும் அயலானது என்று கூறிவிடவும் முடியாது. புறநானூற்றில் குதிரைமறம் என்னும் துறையில் அமைந்த பொன்முடியாரின் 299ஆம் பாடல் இவ்விடத்தில் கருதத்தக்கது. பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூரின் தலைவனது குதிரை உளுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது, நடையிலும் தளர்ந்தது. பெருவேந்தரின் குதிரைகளோ நெய் கலந்த உணவு உண்டு, பிடரி மயிர் கத்தரித்து ஒப்பனை செய்யப்பட்டவை. போர்க்களத்தில் சிற்றூர்க் குதிரை பகைப்படையைப் பிளந்து செல்கிறது. வேந்தரின் குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன.

இப்பாடல் குதிரைகளை உணவால் தரம் பிரிக்கிறது. பிரித்த உடனே அத்தரவரிசையைக் கவிழ்க்கிறது. விளையாட்டும் குதிரைகளை அவற்றுக்கு ஆகும் செலவால் தரம் பிரிக்கிறது. இலகு குதிரைக்கு 60 உயிர்ப்புள்ளிகள், நைட் வீரருக்கு 100 என அத்தரவரிசை எண்ணாக நிலைபெற்றுவிடுகிறது. ஒன்றுக்கு ஒன்று மோதும்போது மலிந்த குதிரை தோற்றே தீரும். எண்ணிக்கையாலும் உருக்காலும் அது வெல்லலாம். மறத்தால் வெல்ல இயலாது. ஒரு கணினி விளையாட்டு மறத்தை எண்ணாக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. ஆயினும், சிற்றூர் மன்னனுக்கு அந்த ஒரு குதிரையே முழுச் செல்வம் என்பதைப் பாடல் உணர்த்துகிறது. ‘பொன் கேளாத குதிரை’ மலிவான குதிரை ஆகிவிடாது. அதனை இழந்தால் அடுத்தது வர வழியில்லை.

பரங்கிமலை, 1769

இலகு குதிரைப்படை என்னும் கருத்து தமிழகத்தில் முழு அளவில் செயற்பட்ட காலம் 18ஆம் நூற்றாண்டு. அதன் சிறந்த சான்று சென்னையின் தென்புறத்திலேயே உள்ளது. முதல் ஆங்கிலேய-மைசூர்ப் போரின் (1767-1769) இறுதியில், ஹைதர் அலி தம் பெரும்படையையும் கனரகப் பீரங்கிகளையும் சுமைகளையும் விலக்கிவிட்டு, ஏறத்தாழ 6,000 தேர்ந்த குதிரை வீரருடனும் சிறு காலாட்படையுடனும் சென்னையை நோக்கி விரைந்தார். மூன்றரை நாளில் சுமார் 130 மைல் கடந்து, 1769 மார்ச் இறுதியில் பரங்கிமலைப் பகுதியை அடைந்தார். கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படை அவருக்குப் பின்னே தங்கிவிட்டது. கம்பெனி அரசு டூப்ரே என்பவரைப் பேச்சுக்கு அனுப்பியது. 1769 ஏப்ரலில் கையெழுத்தான சென்னை உடன்படிக்கைப்படி இரு தரப்பும் கைப்பற்றிய இடங்களைத் திருப்பித் தரவும், தாக்கப்பட்டால் ஒருவருக்கொருவர் உதவவும் இசைந்தன.

இன்று மேடவாக்கம் சாலையில் கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் இடையே அடுக்குமாடிக் குடியிருப்புகளால் நிறைந்துள்ள கோவிலம்பாக்கம், பரங்கிமலைக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பும் சூழ்ந்த இந்நிலம் மாரிக்காலத்தில் குதிரைக்கு உகந்ததன்று. பங்குனி வறட்சியில் நிலை வேறு. கோட்டைக்கு வெளியே பரந்து கிடந்த இத்தகைய ஊர்களே குதிரைப்படையின் அச்சுறுத்தலுக்கு முதலில் ஆட்பட்டவை. கோட்டையை இலகு குதிரை தகர்க்க முடியாது. ஹைதரும் அதனை முயலவில்லை. ஊர்களும் தோட்ட மாளிகைகளும் வழிகளும் அவர் கைக்குள் வந்ததே பேச்சுக்குப் போதுமானதாயிற்று.

இந்நிகழ்வை விளையாட்டின் விதிகளால் ஆட முடியுமா என்பது நல்ல சோதனை. விரைவு, சுமையின்மை, பகைவரின் பின்புலத்தில் தோன்றுதல் ஆகியவற்றை விளையாட்டு நன்கு உருவாக்கியுள்ளது. மெதுவாக நகரும் பெரும்படையை ஏமாற்றிவிட்டு அதன் இருப்பிடத்தில் புகும் இன்பத்தை ஆடுபவர் அறிவார். ஆனால், விளையாட்டில் வெற்றி என்பது பகைவரை அழிப்பது, அதிசயக் கட்டடம் எழுப்புவது, புனிதப் பொருள்களைத் திரட்டுவது என்பன போன்ற வழிகளில் மட்டுமே கிட்டும். தாக்காமலே அஞ்சவைத்து உடன்படிக்கை பெறுதல் அதில் வெற்றியாகாது. 1769இல் இலகு குதிரைப்படை பெற்றுத் தந்த பயன் அதுவே. ஆகவே, அப்படையின் விரைவை விளையாட்டு போற்றுகிறது. அவ்விரைவின் அரசியலை விட்டுவிடுகிறது.

கம்பெனி இப்பாடத்தை மறக்கவில்லை. குதிரைப்படையின்மை அதன் சென்னைப் படைக்கு நெடுநாள் குறையாக இருந்தது. நவாபின் குதிரைப்படையையும் மராத்தியத் துணைப்படைகளையும் அது சார்ந்திருந்தது. 1780களில் நவாபின் படைப்பிரிவுகளைத் தன்வயமாக்கிக்கொண்டு ‘மெட்ராஸ் கேவல்ரி’ அமைப்பை வளர்த்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி தலைமையில் விரைந்து வந்து எழுச்சியை ஒரே நாளில் ஒடுக்கியதும் இலகு குதிரைப்படையே. பரங்கிமலையில் கம்பெனியை அச்சுறுத்திய அதே விரைவு, வேலூரில் கம்பெனியின் கருவியாயிற்று. அப்பெயர் இந்தியப் படையில் இன்றும் வழங்குகிறது. ‘16ஆம் லைட் கேவல்ரி’ இன்று பீரங்கி வண்டிப் படைப்பிரிவு.

உழவர் மீதான தாக்குதல்

இலகு குதிரைப்படையைக் கொண்டு பகைவரின் உழவரைக் கொல்வது விளையாட்டில் பாராட்டப்படும் திறன். வயலில் நிற்கும் உழவர் வீழும்போது பகைவரின் உணவு வரவு குறைகிறது. அதனால் அவர் படை பெருக்க இயலாது. போரின் பொருளியலை இவ்வளவு தெளிவாகக் காட்டும் விதி பாராட்டத்தக்கதே. 1780இல் ஹைதர் மீண்டும் கர்நாடகப் பகுதியில் புகுந்தபோது இந்த உத்தியே பேரளவில் செயற்பட்டது. அவருடைய குதிரைப்படை சென்னையைச் சூழ்ந்த ஊர்களைப் பாழாக்கியது. பகைப்படைக்கு அரிசியும் தீவனமும் காளைகளும் கிட்டாமற் செய்வது அதன் நோக்கம். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது.

அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஊர் இழந்தோர் சென்னையில் குவிந்தனர். அவர்களுக்குக் கஞ்சி வார்க்க 1782இல் தோன்றியதே மணியக்காரர் சத்திரம். பின்னர் அங்கு வளர்ந்து இன்று ஸ்டான்லி மருத்துவமனையாக விளங்கும் நிறுவனத்தைச் சென்னை மக்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே நெடுங்காலம் அழைத்தனர். இலகு குதிரைப்படையின் தாக்குதல் ஒரு நகரின் பேச்சுவழக்கில் விட்டுச்சென்ற தடம் இது. விளையாட்டில் வீழ்ந்த உழவருக்கு மாற்றாக 50 அலகு உணவுக்கு இன்னொருவர் ஊர்மன்றத்திலிருந்து வெளிவருகிறார். ஊரை விட்டு ஓடுவோர், பசித்தோர், திரும்பாதோர் என எவரும் அங்கில்லை. பொழுதுபோக்கு விளையாட்டில் துயரக் காட்சி வேண்டுமென வற்புறுத்துவது பொருந்தாது. எனினும், வகுப்பறையில் இவ்விளையாட்டை எடுத்துக்காட்டும் ஆசிரியர் கஞ்சித்தொட்டியையும் உடன் சொல்லாவிடில், பாடம் பாதியே நிகழ்ந்ததாகும்.

இயல்பும் நிலையும்

மக்களைப் படைவகையால் பிரித்து நோக்குவது மேலை விளையாட்டு நிறுவனத்தாரின் கண்டுபிடிப்பன்று. இடைக்கால இந்திய மரபே விசயநகர வேந்தரை நரபதி என்றும், சுல்தானியரை அசுவபதி என்றும், ஒரிய வேந்தரைக் கசபதி என்றும் வகுத்தது. திராவிடர் பிரிவுக்குக் காலாட்படையை வலிமையாகத் தந்த விளையாட்டமைப்பு, அறிந்தோ அறியாமலோ இம்மரபின் வழியிலேயே நிற்கிறது. ஆனால், நரபதி எனப்பட்ட விசயநகர வேந்தர் குதிரையைக் கைவிடவில்லை. ஆண்டுதோறும் 13,000 குதிரைகள் வாங்கப்பட்டதாகப் போர்த்துக்கீசியரான நூனிஸ் எழுதியுள்ளார். பட்டம் ஒரு பெருமிதக் குறியீடு. படை திரட்டல் பொருள் வலிமையைப் பொறுத்தது. வேந்தர் இரண்டையும் வேறுபடுத்தி அறிந்திருந்தனர்.

விளையாட்டு இவ்வேறுபாட்டை அழிக்கிறது. ‘திராவிடர்’ என்பது இங்குத் தமிழர், கன்னடர், தெலுங்கர், மலையாளிகள் அனைவரையும் ஒரே படைப்பட்டியலுக்குள் அடக்கும் பெயர். கால்டுவெல் 1856இல் மொழிக்குடும்பத்துக்கு நிலைநிறுத்திய சொல், விளையாட்டில் பல அரசுகளுக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பொதுவான போரியல்பாக உருமாறுகிறது. அரபுக் குதிரைகளை இறக்கிய காயல் துறையும், மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளும், பாளையங்களின் சிறு குதிரைகளும், மைசூரின் விரைபரிகளும் ஒரே வரம்புக்குள் அடைபடுகின்றன. எத்துணைப் பொன் சேர்த்தாலும் திராவிடர் பிரிவை ஆடுபவர் நல்ல குதிரை ஒன்றை வாங்க முடியாது. வரலாற்றில் பாண்டியர் செய்த செயல் விளையாட்டில் பாண்டியரின் வழித்தோன்றலுக்குத் தடைசெய்யப்பட்டுள்ளது. வாங்க வேண்டியிருந்தது என்னும் பொருளியல் நிலை, இயலாதது என்னும் இன இயல்பாகக் காட்டப்படுகிறது. படைவகைகளின் சமநிலைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது என்பது உண்மையே. ஆயினும், ஆடுபவர் மனத்தில் பதிவது சமநிலைக் கணக்கு மட்டுமன்று. ‘இம்மக்களுக்குக் குதிரை வராது’ என்னும் கருத்தும் உடன் பதிகிறது.

முடிவுரை

இலகு குதிரைப்படையின் விரைவையும் ஒற்றறியும் பயனையும் உழவர் மீதான அதன் தாக்கத்தையும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ திறம்பட உருவாக்கியுள்ளது. தென்னாட்டின் யானைக்கும் காலாளுக்கும் உருக்குக்கும் கடலுக்கும் அது தரும் இடம் முந்தைய ‘இந்தியர்’ பிரிவை நோக்க ஒரு முன்னேற்றம். அதன் குறை குதிரையின் விலையில் உள்ளது. தமிழக வரலாற்றில் குதிரை வீரர் எவ்வளவு இலகுவாயினும், அவர் ஏறிய குதிரைக்குப் பின்னால் ஒரு கப்பலும் ஒரு வணிகரும் ஒரு கருவூலமும் நின்றன. துறைமுகத்தின் வழியே பொன் கொடுத்துக் குதிரை பெறும் விதி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தால், கடலை வலிமையாகக் கொண்ட அதே பிரிவுக்குக் கடலே குதிரையையும் தந்திருக்கும். தமிழக வரலாற்றின் ஒரு முதன்மைச் செய்தியை ஆடுபவர் தம் கையாலேயே உணர்ந்திருப்பார்.

வரலாற்று விளையாட்டுகளை ஆராயும் தமிழ்த் திறனாய்வு, உடை, கோயில், பெயர் ஒலிப்பு ஆகியவற்றின் சரிபிழைகளோடு நின்றுவிடாமல் விலைப்பட்டியலையும் வாசிக்க வேண்டும். ஒரு சமூகம் எதனை எதற்கு ஈடாகக் கொடுத்துப் பெற்றது என்பது வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. இலகு குதிரைப்படைக்கு விளையாட்டு கூறும் விடை 80 அலகு உணவு. காயல் துறையில் அதன் விடை பொன்னாக இருந்தது. 1782இன் சென்னையில் அது கஞ்சித்தொட்டியாக இருந்தது.